சிட்டியை எதுக்குக் கழட்டினாங்க? எந்திரன் மூன்றாம் பாகம் பற்றிச் சில குறிப்புகள்

எங்க அப்பா தியேட்டரில் தூங்குகிற ஆள். தக்காளிப் பறிப்பு நாட்களில் விடிகாலை மூணு மணிக்கு எழுந்து, பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கூடைகளை வண்டி ஏற்றிவிட்டு வருகிறவர். ஏசி காற்று பட்டதும் கண் சொருகிவிடும். இடைவேளைக்கு எழுப்பினால் "முடிஞ்சிடுச்சா?" என்பார்.

2010 அக்டோபரில் தர்மபுரி டவுனில் எந்திரன் பார்க்கப் போனபோது அவர் தூங்கவில்லை. நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். மின்னணுவியல் படிக்கிறோம் என்ற கர்வத்தோடு, படத்தில் வருகிற தொழில்நுட்ப வார்த்தைகளை எல்லாம் அப்பா காதில் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழட்டி வைக்கிற காட்சி வந்தது. அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் கேட்டார்:

"தப்பு அவன் மேல இல்லியேடா. செஞ்சவன் ஒருத்தன். செகப்பு சிப்ப வெச்சவன் ஒருத்தன். இவன எதுக்குக் கழட்டணும்?"

"கோர்ட்டு சொல்லிடுச்சுப்பா" என்றேன். மின்னணுவியல் மாணவனிடம் அதற்கு மேல் பதில் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் கடைசியில் 2.0 வந்தது. முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும் என்று அக்கா பையன் அடம் பிடித்ததால் சேலம் போனோம். அப்பாவும் வந்தார். வசீகரன் பழைய சிட்டியை மறுபடி இயக்குகிற காட்சியில் தியேட்டரே விசிலடித்தது. அப்பா என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அவனத்தான் கழட்டிட்டாங்களே. இது யாரு?" கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

எந்திரன் மூன்றாம் பாகம் வருமா, வரணுமா, வந்தால் எப்படி இருக்கணும் என்று நண்பர்கள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் இந்த இரண்டு கேள்விகள்தான் ஞாபகம் வருகின்றன. முதல் படத்தின் பலம் முதல் கேள்வியில் இருக்கிறது. இரண்டாம் படத்தின் பலவீனம் இரண்டாவதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

முதல் படம் என்ன செய்தது

எந்திரனைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கடைசி அரை மணி நேரத்தைப் பேசுவார்கள். நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாக, சுவராக, பாம்பாக உருமாறுவது, "மே..." என்று கத்துவது. அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைத்தது சும்மா இல்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது படத்தின் முதல் பாதியை.

அதில் சிட்டி செய்கிற தப்பு எல்லாமே ஒரே வகை. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறான். மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் போரா கட்டளையிட்டதும் தன்னை உருவாக்கிய வசீகரனையே தாக்கப் போகிறான். தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணைத் துணியில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்துகிறான். உயிரைக் காப்பாற்றச் சொன்னார்கள், காப்பாற்றிவிட்டான். அவமானம் தாங்காமல் அந்தப் பெண் ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்துப் போகிறாள். அவன் கணக்கில் வேலை முடிந்தது. நம் கணக்கில் ஒரு கொலை.

அந்தக் குறையைச் சரிசெய்ய வசீகரன் உணர்ச்சியைக் கொடுக்கிறார். உணர்ச்சி வந்ததும் சிட்டி சனாவைக் காதலிக்கிறான். ராணுவத்துக்குச் செய்து காட்டப் போன இடத்தில் சண்டை வேண்டாம் என்று அன்பைப் பற்றிப் பேசுகிறான். கோபத்தில் வசீகரன் அவனை வெட்டிக் குப்பையில் போடுகிறார். குப்பையிலிருந்து எடுத்து போரா சிவப்பு சிப்பை வைக்கிறான். ஒவ்வொரு படியும் முந்தின படியிலிருந்து பிறக்கிறது. நடுவில் எங்கேயும் பேய், பிசாசு, தற்செயல் கிடையாது. இயந்திரத்துக்குப் புத்தி போதவில்லை என்று ஆரம்பித்து, புத்தி அதிகமாகிவிட்டது என்று முடிகிற ஒரே கோடு அது.

சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். படம் வெளிவந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. வசனத்தில் அவருடன் ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களும் இருக்கின்றன. எந்த வரி யாருடையது என்று பிரிக்க நான் போகவில்லை. ஆனால் மேலே சொன்ன அந்தக் கோடு, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்த ஒரு பொறியாளரின் மனசு போடுகிற கோடு. இயந்திரம் எங்கே தவறும், ஏன் தவறும், தவறினால் யார் பொறுப்பு என்று யோசித்துப் பழகிய மனசு.

அதனால்தான் முடிவு வலிக்கிறது. 2030ல் ஓர் அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் சிட்டியின் பாகங்கள். பள்ளிக் குழந்தைகள் வரிசையாகப் பார்க்கிறார்கள். உன்னை ஏன் கழட்டி வைத்தார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று அது சொல்கிறது. படம் அங்கே முடிந்துவிட்டது. ரஜினி படம் ஒன்று, நாயகன் பாகம் பாகமாகக் கிடக்க, ஒரு கேள்வியோடு முடிந்தது. அதைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டது. இது சின்ன விஷயமில்லை.

இரண்டாம் படம் எதைத் தவறவிட்டது

2.0வை மட்டம் தட்டுவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை, ஏனென்றால் அதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் உண்டு. முதலில் ஒரு ஊர்ப் பெருமை. அதன் வசனத்தில் பங்கெடுத்த ஜெயமோகன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் எங்கள் தர்மபுரியில் சில ஆண்டுகள் இருந்தவர். லேண்ட்லைனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தைத் துறைக்குள்ளிருந்து பார்த்த ஒருவர், எல்லார் கையிலிருந்தும் போன் பறந்து போகிற படத்துக்கு எழுதினார் என்பதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 'விசும்பு' தொகுப்பைப் படித்தவர்களுக்கு அவருடைய அறிவியல் புனைகதை எப்படிப்பட்டது என்று தெரியும். ஆகவே சுஜாதா இல்லை, அதனால் படம் போச்சு என்ற சுருக்கமான தீர்ப்பை நான் ஏற்கவில்லை. எழுதத் தெரிந்தவர்தான் எழுதினார்.

பிரச்சினை கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. பட்சிராஜனின் முன்கதைதான் 2.0வின் உயிர். பறவைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கோர்ட்டுக்குப் போய், யாரும் காது கொடுக்காமல் கடைசியில் செல்போன் டவரிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிற கிழவர். அந்த இருபது நிமிஷத்தில் எங்க அக்காவே அழுதாள். ஆனால் அவர் செத்த பிறகு படம் அறிவியல் புனைகதையை விட்டுவிடுகிறது. ஆரா, பறவைகளின் ஆன்மா, உடம்பில் புகுவது என்று பேய்க்கதையின் சாமான்கள் வெளியே வருகின்றன. பேருக்கு ஒரு ஃபோட்டான் கருவி வைத்து விரட்டுகிறார்கள். எங்க ஊர்ப் பக்கம் வேப்பிலையால் செய்கிற வேலை அது.

அறிவியல் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். டவர் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறதா என்பது நிஜமான கேள்விதான். 2010ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதை ஆராய நிபுணர் குழு அமைத்தது. 2012 செப்டம்பரிலிருந்து டவர்களுக்கான கதிர்வீச்சு வரம்பு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2020ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாகத்தான் இருக்கிறது என்றது. குருவி குறைந்த இடங்களில் கூடு கட்ட இடமில்லாததும், குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி கிடைக்காததும் இன்னும் வலுவான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கொல்லையில் தக்காளிக்கு மருந்தடிக்கிற எங்களுக்கு அந்தப் பூச்சிக் கணக்கு நன்றாகவே புரியும். அது தெரிந்தால் வில்லன் செல்போன் கம்பெனி மட்டும் இல்லை, நாங்களும்தான். அந்தச் சங்கடத்துக்குள் படம் போகவில்லை.

இதையும் மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது வேறு. இத்தனை நடக்கும்போது சிட்டிக்கு இந்தக் கதையில் என்ன பங்கு? தீயணைப்பு வண்டியின் பங்கு. கூப்பிட்டார்கள், வந்தான், சண்டை போட்டான். முதல் படத்தின் முடிவில் அவனைக் கழட்டியது சட்டம். அந்தத் தடை இரண்டாம் படத்தில் ஒரு மீட்டிங்கில் பேசப்பட்டு, மந்திரி தலையாட்டியதும் தீர்ந்துவிடுகிறது. திரும்பி வந்தவன், "என்னை ஏன் கழட்டினீர்கள், இப்போது ஏன் கூப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. சிந்தித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன் எதையும் சிந்திக்காமல் வேலைக்குத் திரும்புகிறான். நகரத்தை அழித்த அதே சிவப்பு சிப் இந்த முறை ஜெயிப்பதற்கான வழியாகத் திரும்ப வருகிறது, தியேட்டர் கைதட்டுகிறது. முதல் படத்தின் பாவம் இரண்டாம் படத்தின் மாஸ் சீன் ஆகிவிட்டது.

"இது யாரு?" என்று அப்பா கேட்டது சரிதான். பெயர் அது, உருவம் அது, ஆள் வேற.

திரும்பி வந்த மற்றவர்கள்

எந்திரனை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், சுஜாதாவின் கை பட்டுத் திரும்பி வந்த மற்ற விஷயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் அவரே திரும்பக் கொண்டுவந்த ஜீனோ. 'என் இனிய இயந்திரா'வில் நாட்டை ஆள்கிற ஜீவா வெறும் பிம்பம் என்பது தெரிய வந்து ஆட்சி கவிழ்கிறது. சாதாரணமாக இங்கே கதை சுபம். 'மீண்டும் ஜீனோ'வில் சுஜாதா என்ன செய்தார்? கவிழ்த்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்தார். நிலா பேருக்கு ராணி, அதிகாரம் வேறு ஆட்களிடம். முதல் கதையின் வெற்றிதான் இரண்டாம் கதையின் பிரச்சினை. ஜீனோ என்ற நாயும் அதே நாயாக இருப்பதில்லை, அதன் யோசனை வளர்ந்திருக்கிறது. தொடர்ச்சி எழுதுவது எப்படி என்று தமிழில் யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து 'விக்ரம்'. 1986ல் சுஜாதா எழுதி கமல் நடித்தது. ஏவுகணை, கம்ப்யூட்டர், கற்பனை ராஜ்ஜியம் என்று போகிற படம். 2022ல் லோகேஷ் கனகராஜ் அந்த ஏவுகணையையும் ராஜ்ஜியத்தையும் விட்டுவிட்டு, அந்த ஏஜென்டை மட்டும் எடுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் அவன் மேல் ஏறியிருக்கிறது. மகனை இழந்திருக்கிறான், கையில் பேரக்குழந்தை இருக்கிறது. அறிவியல் புனைகதை என்ற அம்சம் போய்விட்டது என்று வருத்தப்படலாம். ஆனால் வந்தவன் யார் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது 'இந்தியன்'. 1996 படத்துக்கு வசனம் சுஜாதா. 2024ல் இரண்டாம் பாகம் வந்தபோது சேனாபதிக்குக் கணக்குப்படி நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். வயது ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெற்ற மகனைக் கொன்ற அப்பனுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தூக்கம் வந்ததா என்று படம் கேட்கவே இல்லை. வர்மக்கலை மட்டும் திரும்பி வந்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரிகிறது. முந்தின கதை முடிந்த இடத்தில் ஆறாமல் கிடக்கிற காயத்திலிருந்து ஆரம்பித்தால் ஆள் உயிரோடு வருகிறான். ரசிகர்களுக்குப் பிடித்த சீன்களின் பட்டியலிலிருந்து ஆரம்பித்தால் வேஷம்தான் வருகிறது.

மூன்றாம் பாகம் வரணுமா?

கல்லூரி நண்பன் ஒருவன், இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவன், சொல்கிறான்: "எனக்கு அந்த வில்லன் சிட்டி வேணும்டா. ஒரே ஒரு தடவை. தலைவருக்கு எழுபத்தஞ்சு ஆச்சு, இனி எப்ப பாக்கறது?" இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ரசிகன் கேட்பது கதையை இல்லை, தன் பத்தொன்பது வயதை. நானும் அதைத்தான் கேட்கிறேனோ என்று சில நேரம் சந்தேகம் வரும்.

அக்கா பையன் வேற மாதிரி. அவனுக்கு 2.0தான் முதல் படம். புறா மேலே ஏறி வருகிற குட்டி ரோபோக்கள்தான் அவனுக்கு சிட்டி. "குட்டி 3.0 வெச்சு எடுத்தாலே போதும் மாமா, பெரிய சிட்டி எதுக்கு?" என்கிறான். முதல் படத்தை வீட்டில் போட்டுக் காட்டினேன். பாதியில் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் போன மாசம் ஒன்று நடந்தது. பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுத அவன் போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் சொன்னான்: காய்ச்சல்னு எழுது, அப்பா எழுதற மாதிரி எழுது. அது எழுதியது. "மேற்படி எனது மகன்" என்றெல்லாம் போட்டு, எங்க மாமாவே எழுத முடியாத அளவுக்கு அழகாக. பையனுக்குக் காய்ச்சல் இல்லை. இயந்திரத்துக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை. சனாவுக்குப் பரீட்சையில் விடை சொல்லிக்கொடுத்த சிட்டி நேராக எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"இப்ப இதுல தப்பு யாரோடது?" என்று அவனிடம் கேட்டேன். "நான்தான் மாமா. அது சொன்னதச் செஞ்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அது கேட்டிருக்கலாம்ல, நெஜமாவே காய்ச்சலான்னு" என்றான்.

அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அதைத்தானே நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார். பதினைந்து வருஷத்துக்கு முந்தின டீக்கடைப் பேச்சு அவருக்கு மறக்கவில்லை.

ஆகவே என் பதில்: வரணும், ஆனால் இந்த இடத்திலிருந்து. அருங்காட்சியகக் காட்சி நடப்பது 2030ல். கதையில் தூரத்து எதிர்காலமாக இருந்த அந்த வருஷம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2010ல் சிட்டி ஒரே ஒருவன், சென்னையில் ஒரு ஆய்வகத்தில் பிறந்தவன். இன்று சொன்னதைச் செய்கிற இயந்திரம் பென்னாகரத்து மலைக்கிராமப் பையன் கையிலும் இருக்கிறது. இன்றைக்குப் பிரம்மாண்டம் என்றால் எனக்கு அதுதான். ஆயிரம் சிட்டிகளை கிராஃபிக்ஸில் செய்ய வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்ட சிறுமி வளர்ந்து பெரியவள் ஆகட்டும். அவளே கதாநாயகியாக இருக்கட்டும். அந்தப் பதில் அவளைத் தூங்கவிடாமல் செய்திருக்கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனைச் சண்டைக்காக இல்லாமல் சாட்சி சொல்லக் கூப்பிடட்டும். செய்தவர் யார், சிப் வைத்தவர் யார், கட்டளையிட்டவர் யார், தண்டனை யாருக்கு என்று அந்தப் பழைய வழக்கைத் திரும்ப எடுக்கட்டும். எழுபத்தைந்து வயது ரஜினிக்கு இதில் பறக்க வேண்டிய வேலை இல்லை. பழசாகிப்போன ஓர் இயந்திரமாகவும், தான் செய்ததை எண்ணி வயதாகிப்போன ஒரு விஞ்ஞானியாகவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் போதும். அந்த மனிதருக்கு அது முடியும் என்பதைக் குப்பைமேட்டுக்குப் போவதற்கு முன் சிட்டி கெஞ்சுகிற காட்சியைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இப்படி எடுப்பார்களா? சந்தேகம்தான். இவ்வளவு செலவு செய்கிற படத்தில் சண்டை இல்லாமல் முடியாது என்பார்கள். குறைந்தபட்சம், சண்டைக்கு நடுவில் சிட்டி ஒரு தடவையாவது நின்று "என்னை எதுக்குக் கழட்டினீங்க?" என்று கேட்டால் போதும். டிக்கெட் எடுத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நான் தயார். அவர் முழித்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்கிறேன்.